போக்கர் மேசையில் விருப்பப் பந்தயமும் பேசி வைத்துக்கொள்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றின் போக்கர் அறையில் முதல்முறையாக உட்காருகிறவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கும். ஆனால் மேசையில் காதில் விழும் பேச்சில் பாதி புரியாது. ஒருவர் சீட்டு வருவதற்கு முன்பே பணத்தை முன்னால் தள்ளுவார். இன்னொருவர் "ரெண்டு தடவை ஓட்டலாமா?" என்பார். பிளைண்ட், அதாவது சீட்டு வருவதற்கு முன் போட்டே ஆக வேண்டிய தொகையைப் போட்ட இருவர் ஒன்றும் ஆடாமல் அவரவர் காசைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இவையெல்லாம் ஆட்டத்தின் அடிப்படை விதியில் இல்லாதவை. ஆட்டக்காரர்கள் விரும்பினால் செய்யலாம், அதுவும் அந்த அறை அனுமதித்தால்தான். அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாமே நோ லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தை வைத்துச் சொல்வது. அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு (போர்டு): முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் இன்னொன்று. பந்தயப் பணம் சேரும் குவியல்தான் பாட். 1/2 டாலர் மேசை என்றால் ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 2 டாலர்.

இந்த விதிகளை எழுதுவது யார்? எல்லா கேசினோவிலும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. ஒவ்வொரு போக்கர் அறையும் தன் வீட்டு விதியைத் தானே வைத்துக்கொள்கிறது. பாப் சியாஃபோன் தொகுத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்' பல அறைகளுக்கு அடித்தளம். டோர்னமென்ட்டுக்கு, 2001-இல் லிண்டா ஜான்சன், மேட் சாவேஜ், ஜான் ஃபிஷர், டேவிட் லாம் ஆகியோர் தொடங்கிய போக்கர் டோர்னமென்ட் டைரக்டர்கள் சங்கத்தின் விதிகளைப் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். ஆனால் விருப்பப் பந்தயங்கள் என்று வரும்போது ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கேசினோக்கள் இரண்டு விதமாகச் சொல்லும்.

எந்த அறையாக இருந்தாலும் அது பார்ப்பது மூன்றுதான். சம்பந்தப்பட்ட எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா, பணம் எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் இருக்கிறதா, இந்தப் பேச்சில் சேராத ஒருவருக்கு இதனால் நஷ்டம் வருமா. அப்புறம் நாலாவதாக ஒன்று உண்டு, அதை அவர்கள் பலகையில் எழுதி வைப்பதில்லை: டீலரின் நேரம் வீணாகிறதா என்பது. மணிக்கு எத்தனை கை (ஒருமுறை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டம்) ஓடுகிறது என்பதை வைத்துத்தான் அறைக்கு வருமானம்.

ஸ்ட்ராடில் என்றால் என்ன?

பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர், சீட்டு வருவதற்கு முன்பே, பிக் பிளைண்டைப் போல இரண்டு மடங்கைத் தானாக முன்வந்து போடுவது. 1/2 மேசையில் 4 டாலர். சில அறைகளில் 5 டாலரும் செல்லும். முதல் சீட்டு டீலர் கையை விட்டுப் போவதற்குள் போட்டுவிட வேண்டும். பிந்திப் போட்டால் டீலர் திருப்பித் தள்ளிவிடுவார்.

பதிலுக்குக் கிடைக்கும் சலுகை, ஃப்ளாப்புக்கு முந்தைய சுற்றில் கடைசியாகப் பேசும், அதாவது பந்தய முடிவைச் சொல்லும் உரிமை. மற்றவர்கள் எல்லாரும் 4 டாலருக்கு கால் செய்து (அதே தொகையைப் போட்டு) முடித்த பிறகும் அவர் விரும்பினால் ரெய்ஸ் செய்யலாம் (தொகையை உயர்த்தலாம்). ஃப்ளாப் வந்தபின் அந்தச் சலுகை போய்விடும், பழையபடி பிளைண்டுகளுக்கு அடுத்து அவர்தான் பேச வேண்டும்.

பட்டன் ஸ்ட்ராடில் வேறா?

வேறு. டீலர் பட்டன் (கைக்குக் கை நகரும் அடையாள வில்லை) இருக்கும் இடத்திலிருந்து போடுவது. பட்டன் மட்டுமல்லாமல் வேறு இடங்களிலிருந்தும் போடலாம் என்று அனுமதிக்கும் அறைகளில் இதை மிசிசிப்பி ஸ்ட்ராடில் என்பார்கள். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: முதலில் யார் பேசுவது? சில அறைகளில் ஸ்மால் பிளைண்டிலிருந்து ஆரம்பிக்கும். வேறு சில அறைகளில் வழக்கம்போல பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் ஆரம்பித்து, பட்டனைத் தாண்டி, பிளைண்டுகளிடம் வந்து, கடைசியில் பட்டனுக்குத் திரும்பும்.

சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்து பாருங்கள். முதல் முறையில், பின்னால் எட்டுப் பேர் பேசக் காத்திருக்க, ஏற்கெனவே ஒரு டாலர் போட்ட நீங்கள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அந்த அறைகளில் பட்டன் ஸ்ட்ராடில் தொடர்ந்து விழும் மேசையில், பிளைண்டுகளில் இருக்கும்போது முன்பைவிட இறுக்கமாக ஆடுவதைத் தவிர வழியில்லை.

மேசையில் எல்லாரும் ஸ்ட்ராடில் போடுகிறார்கள். நானும் போட்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். "ஒரு சுற்று எல்லாரும் போடலாம்" என்று மேசை பேசிக்கொள்வது சகஜம். டீலர் அதைக் கட்டாயமாக்க மாட்டார், ஒருவர் மறுத்தால் அதோடு சரி. நீங்கள் வருவதற்கு முன் பேசிய பேச்சும் உங்களைக் கட்டாது. முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

ஸ்ட்ராடில் போடுவது லாபமா?

கணக்குப்படி இல்லை. சீட்டைப் பார்க்காமலேயே, மோசமான இடத்திலிருந்து 4 டாலர் போடுகிறீர்கள். கடைசியாகப் பேசுவது ஒரு சுற்றுக்கு மட்டும்தான். பட்டனிலிருந்து போட்டால் நஷ்டம் குறைவு, ஏனென்றால் ஃப்ளாப்புக்குப் பிறகும் கடைசிப் பேச்சு உங்களுடையது.

பலர் கவனிக்காத விஷயம் வேறு. 200 டாலரோடு உட்கார்ந்தால் அது 100 பிக் பிளைண்ட். யாரோ ஒருவர் 4 டாலர் ஸ்ட்ராடில் போட்டதும், உங்கள் கையில் ஒரு சிப் கூடக் குறையாமலே, அது 50 ஆகிவிடுகிறது. 1/2 மேசையில் உட்கார்ந்தவர் 2/4 மேசையில் பாதிப் பணத்தோடு ஆடுகிறார். அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றத் தெரியாதவர்களிடமிருந்துதான் ஸ்ட்ராடில் போடுகிறவர் காசு பார்க்கிறார்.

பாம் பாட், ஏழு-இரண்டு விளையாட்டு?

பாம் பாட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள், 1/2 மேசையில் 5 அல்லது 10 டாலர் என்று வையுங்கள். ஃப்ளாப்புக்கு முந்தைய பந்தயச் சுற்றே கிடையாது, நேராக ஃப்ளாப். சில சமயம் ஒன்றுக்கு இரண்டு போர்டு. பல அறைகள் டீலர் மாறும்போது ஒரு கை என்று வரையறை வைக்கும். விருப்பமில்லாதவர் அந்த ஒரு கைக்கு ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஏழு-இரண்டு என்பது, ஹோல்டெமில் இருப்பதிலேயே மட்டமான அந்தக் கையை வைத்து யாராவது பாட்டை ஜெயித்தால் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு கொடுப்பது. இதைக் கண்டும் காணாமல் விடும் அறைகள் உண்டு, பக்கப் பந்தயம் என்று தடுக்கும் அறைகளும் உண்டு. அனுமதித்தாலும், கொடுக்கிற காசு மேசைமேல் இருக்கும் சிப்பாக இருக்க வேண்டும். ஒருவர் தராமல் எழுந்து போனால் கேசினோ வசூலித்துத் தராது.

"ரெண்டு தடவை ஓட்டலாமா?" என்று கேட்கிறார்களே, அது எப்படி?

இருவர் ஆல்-இன் ஆகிவிட்டார்கள், அதாவது சிப் முழுவதையும் போட்டுவிட்டார்கள், இனி பந்தயமே கிடையாது, சீட்டு மட்டும் பாக்கி. மீதிச் சீட்டை ஒருமுறைக்குப் பதில் இருமுறை போடச் சொல்லலாம். பாட்டில் பாதி முதல் போர்டில் ஜெயிப்பவருக்கு, பாதி இரண்டாவது போர்டில் ஜெயிப்பவருக்கு.

அடுத்த சீட்டு விழுவதற்கு முன் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டபின் பின்வாங்க முடியாது. மூன்று பேர் ஆல்-இன் என்றால் பொதுவாக மூவரும் சரி சொல்ல வேண்டும், ஒருவர் மறுத்தால் ஒரே ஓட்டம்தான். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டைச் சமமாகப் பிரிக்கும்போது மிஞ்சும் ஒற்றைச் சிப் வழக்கமாக முதல் போர்டுக்குப் போகும்.

புதிதாக ஆடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் போர்டில் தோற்றதும் வெறுத்துப்போய்ச் சீட்டைக் கவிழ்த்து டீலர் பக்கம் தள்ளிவிடுவார்கள். சீட்டு குப்பையோடு கலந்துவிட்டால் இரண்டாவது போர்டில் அந்தக் கைக்கு உயிர் இல்லை. பாட்டில் பாதி சும்மா போய்விடும். இரண்டு போர்டும் முடிந்து பணம் தள்ளப்படும்வரை சீட்டு உங்கள் முன்னால் திறந்தே இருக்கட்டும்.

இரண்டு தடவை ஓட்டினால் வாய்ப்பு மாறுமா? முன்னால் இருப்பவருக்கு நஷ்டம் என்கிறார்களே?

மாறாது. இந்த வாதம் மேசையில் ஓயவே ஓயாது, அதனால் கணக்கையே போட்டுவிடுவோம்.

டர்ன் வரை விழுந்தாயிற்று. உங்களிடம் ஜோடி ஏஸ். எதிராளிக்கு ஆட்டின் ஃப்ளஷ் வர இன்னும் ஒரு சீட்டு வேண்டும், வேறு வழியில் அவர் ஜெயிக்க முடியாது. இரண்டு கையும் போர்டும் சேர்ந்து 8 சீட்டு தெரிகிறது, மீதி 44. அதில் ஆட்டின் 9. பாட்டில் 400 டாலர்.

ஒருமுறை ஓட்டினால் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 44-இல் 9, அதாவது 20.45 சதவீதம். 400-இல் அவர் பங்கு சராசரியாகச் சுமார் 81.80 டாலர்.

இருமுறை ஓட்டினால்: இரண்டிலும் ஆட்டின் விழ 44-இல் 9, பிறகு 43-இல் 8, பெருக்கினால் சுமார் 3.8 சதவீதம். இரண்டிலும் விழாமல் போக 44-இல் 35, 43-இல் 34, சுமார் 62.9 சதவீதம். மீதி 33.3 சதவீதத்தில் ஆளுக்கு 200. அவருக்குச் சராசரி: 400-இன் 3.8 சதவீதமும் 200-இன் 33.3 சதவீதமும். கூட்டிப் பார்த்தால் அதே 81.80.

மாறுவது ஏற்ற இறக்கம் மட்டும்தான். முழுப் பாட்டையும் பறிகொடுக்கும் ஆபத்து உங்களுக்கு 20-லிருந்து 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. முழுதாக அள்ளும் வாய்ப்பும் 80-லிருந்து 63-க்கு இறங்குகிறது. நெஞ்சு படபடப்பு வேண்டாம் என்பவர் ஒத்துக்கொள்ளலாம். எதிராளி படபடக்கட்டும் என்று நினைப்பவர் மறுக்கலாம், அதுவும் நியாயமே.

டோர்னமென்ட்டில் இது கிடையாது. அங்கே ஒருவர் வெளியேறுவது மற்ற எல்லாருக்கும் பரிசுப் படியில் ஏற்றம். அந்த வெளியேற்றத்தைத் தள்ளிப்போட இருவர் மட்டும் பேசி முடிவெடுக்க விடமாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் என்று ஒருவர் பக்கத்திலிருந்து கேட்டார். வாங்கலாமா?

மேலே சொன்ன அதே கையில், "ஆட்டின் விழுந்தால் நான் உனக்கு ஒன்றுக்கு மூன்று தருகிறேன்" என்று ஒருவர் சொல்வார். நியாயமான விலை 35-க்கு 9, அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய 3.9. மூன்று தருகிறேன் என்பவர் மிச்சத்தைச் சட்டைப்பையில் போடுகிறார். விலையைக் கையோடு கணக்குப் போடத் தெரியாவிட்டால் வேண்டாம். அமெரிக்க அறைகள் பலவும் இதை அனுமதிப்பதும் இல்லை. கையிலேயே இல்லாத மூன்றாம் ஆளுக்கு அந்தக் கையின் முடிவில் பணம் இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

சாப் செய்வது என்ன? மறுத்தால் தப்பா?

மற்ற எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட (சீட்டைக் கைவிட்டுவிட), ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் மட்டும் பாக்கி. இருவரும் சம்மதித்தால் அவரவர் 1 டாலரையும் 2 டாலரையும் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கைக்குப் போகலாம். காரணம் ரேக், அதாவது பாட்டிலிருந்து கேசினோ எடுக்கும் பங்கு. வேகாஸில் ஃப்ளாப் விழாவிட்டால் ரேக் எடுப்பதில்லை என்பது பொது வழக்கம். இருவர் மட்டும் சின்னப் பாட்டுக்கு ஆடினால் ஜெயித்தவர் காசிலிருந்தும் கேசினோ ஒரு பங்கு எடுத்துவிடும்.

மறுப்பது தப்பில்லை. ஆனால் ஒரு நிலையில் நில்லுங்கள். நல்ல சீட்டு வந்தால் ஆடுவது, குப்பை வந்தால் சாப் கேட்பது என்பவரை மேசை ஒரே சுற்றில் கண்டுபிடித்துவிடும். உட்கார்ந்ததும் இரு பக்கத்து ஆட்களிடமும் "நான் சாப் செய்வேன்" அல்லது "செய்யமாட்டேன்" என்று சொல்லிவிடுவது முறை. டோர்னமென்ட்டில் சாப் கேட்பதே குற்றம்.

கை முடிந்தபின் அடுத்து என்ன சீட்டு வந்திருக்கும் என்று பார்க்கலாமா?

பெரும்பாலான அறைகளில் முடியாது. ரேபிட் ஹன்டிங் என்று பெயர். நேரம் வீண், சண்டைக்கும் வித்து.

நானும் என் நண்பரும் ஒரே மேசையில். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் ஆடினால்?

அது சாஃப்ட் பிளே. நீங்கள் நல்லெண்ணத்தில் செய்தாலும் மூன்றாவது ஆளின் காசுக்கு அது சதிதான். அவர் இருவரோடு தனித்தனியாக மோதுவதாக நினைத்து பந்தயம் கட்டுகிறார், நிஜத்தில் ஒரு கூட்டணியோடு மோதுகிறார். டோர்னமென்ட் விதிகள் போக்கரைத் தனிநபர் ஆட்டம் என்றே வரையறுக்கின்றன. சாஃப்ட் பிளே, சிப்பை வேண்டுமென்றே இன்னொருவருக்குத் தோற்பது, எல்லாவற்றுக்கும் தண்டனை உண்டு. சில கைகள் வெளியே உட்கார வைப்பதிலிருந்து மொத்தமாக நீக்குவது வரை போகும்.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. சின்ன சிப்போடு ஒருவர் ஆல்-இன். அவருக்கு எதிரே இன்னும் இருவர் கையில் இருக்கிறார்கள். இருவரும் தானாகவே கடைசிவரை செக் செய்து (பந்தயம் கட்டாமல் விட்டு) அவரை வெளியேற்றுவது ஆட்டத் தந்திரம், யாரும் கேட்க முடியாது. "செக் செய்துகொண்டே போவோமா?" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்ட நொடியில் அது கூட்டுச் சதி ஆகிவிடுகிறது. நண்பரும் நீங்களும் முன்பே பங்கு மாற்றிக்கொண்டிருந்தால், அதாவது அவர் பரிசில் 10 சதவீதம் உங்களுக்கு, உங்களுடையதில் 10 அவருக்கு என்றால், டோர்னமென்ட் ஆட்டக்காரர்களிடையே அது பரவலாக நடப்பதுதான். ஒரே மேசையில் மாட்டும்போது மட்டும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

டோர்னமென்ட் கடைசி மேசையில் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்ளலாமா?

பல இடங்களில் பிரிக்கிறார்கள். ராபர்ட்ஸ் விதிகளின் நிலைப்பாடு சுவாரசியமானது: இத்தகைய உடன்பாட்டை நாங்கள் ஆதரிக்கவில்லை, ஆனால் செய்துகொண்டால் அதன்படி பணம் கொடுக்க டைரக்டர் விரும்பினால் கொடுக்கலாம், மிச்சமிருக்கும் ஒருவரையாவது விட்டுவிட்டுச் செய்யும் எந்த உடன்பாடும் முறையற்றது. கடைசி வரிதான் உயிர். நான்கு பேரில் மூவர் சம்மதித்து ஒருவர் மறுத்தால் உடன்பாடு இல்லை. மூவரும் சேர்ந்து அவரை நெருக்கினால், அவர் ஃப்ளோர் மேலாளரை அழைக்கலாம்.

எந்தக் கணக்கில் பிரிப்பது?

இரண்டு வழி. மூன்று பேர் மிச்சம், பரிசு 5,000, 3,000, 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சிப்பில் முதலாமவரிடம் 50 சதவீதம், இரண்டாமவரிடம் 30, மூன்றாமவரிடம் 20.

சிப் கணக்கில், மூன்றாம் பரிசான 2,000 எல்லாருக்கும் உறுதி. மீதி 4,000-ஐ சிப் விகிதத்தில் பிரித்தால் 4,000, 3,200, 2,800.

ஐ.சி.எம். (இண்டிபெண்டன்ட் சிப் மாடல்) முறையில், ஒவ்வொருவரும் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் பிடிக்கும் வாய்ப்பைச் சிப்பை வைத்து மதிப்பிட்டு, அந்தந்தப் பரிசோடு பெருக்கிக் கூட்டுவார்கள். அதே நிலையில் வருவது 3,839, 3,275, 2,886.

சிப் அதிகம் வைத்திருப்பவர் சிப் கணக்கைத்தான் கேட்பார், 161 டாலர் கூடுகிறதே. எது சரி? ஐ.சி.எம்.தான். காட்டுகிறேன். முதலாமவரிடம் 90 சதவீதம் சிப் இருந்தால் சிப் கணக்கு அவருக்கு 2,000-உம் 4,000-இல் 90 சதவீதமும், ஆக 5,600 டாலர் தரும். முதல் பரிசே 5,000தான்! ஆடி ஜெயித்தாலும் கிடைக்காத பணத்தைப் பேசியே வாங்கிவிடுகிறார். ஐ.சி.எம்.-இல் யாருக்கும் முதல் பரிசைத் தாண்டிப் போகவே போகாது. சிப் குறைவாக இருக்கும் நேரத்தில் யாராவது "சிம்பிளா சிப்படி பிரிச்சுக்கலாம்" என்றால் ஐ.சி.எம். கணக்கு கேளுங்கள். ஆட்டத்திறனை அது கணக்கில் எடுப்பதில்லை, அது அதன் குறை.

பிரித்த தொகையை கேசினோவே தருமா?

இடத்தைப் பொறுத்தது. யூரோப்பியன் போக்கர் டூர் போன்ற தொடர்களில் ஆட்டத்தை நிறுத்தி, ஊழியர்களே கணக்குப் போட்டுக் காட்டி, ஜெயிப்பவருக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர வைப்பார்கள். வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் காலங்காலமாக இதில் கைவைப்பதில்லை. அறிவித்த பரிசை அறிவித்தபடி தரும், மற்றது உங்கள் பாடு.

2019 ஆகஸ்டில் லண்டனில் நடந்த டிரைட்டன் மில்லியனில் இது உச்சத்துக்குப் போனது. நுழைவுக் கட்டணமே 10,50,000 பவுண்டு. கடைசி இருவர் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். பட்டம் வென்ற ஆரன் ஜாங்குக்கு சுமார் 1.38 கோடி பவுண்டு, இரண்டாமிடம் வந்த பிரின் கென்னிக்கு சுமார் 1.69 கோடி. பேசிய நேரத்தில் கென்னியிடம்தான் சிப் அதிகம்.

கேசினோ தலையிடாத இடத்தில் தனிப்பட்ட முறையில் பிரிப்பதில் இரண்டு தலைவலி. ஒன்று, முழுப் பரிசையும் வாங்கியவர் பேசியபடி தராமல் போனால் கேசினோ கேட்டுத் தராது. இரண்டு, வரி. பரிசு யார் பெயரில் தரப்படுகிறதோ அவர் பெயரில்தான் கணக்கு போகும். இந்தியாவிலிருந்து போய் அமெரிக்காவில் டோர்னமென்ட் பரிசு வாங்குபவருக்கு வழக்கமாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். முழுத் தொகையும் உங்கள் பெயரில் வந்து, பிடித்தமும் போனபின், பேசிய பங்கை எதிலிருந்து தருவது என்பதை ஆடி முடிந்தபின் பேசினால் சண்டைதான். பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பபிள் சேவ்?

15 பேருக்குப் பரிசு என்றால் 16-வதாக வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது. அவருக்கு நுழைவுக் கட்டணத்தையாவது திருப்பித் தரலாம் என்று மிச்சமுள்ள 16 பேரும் பேசி, பரிசுத் தொகையிலிருந்து எடுப்பது. சின்ன டோர்னமென்ட்டுகளில் சகஜம். ஒருவர் வேண்டாம் என்றாலும் நடக்காது.

பேட் பீட் ஜாக்பாட் வரும்போல இருந்தால் எதிராளியோடு பேசலாமா?

வாயே திறக்காதீர்கள். மிகப் பெரிய கை ஒன்று இன்னும் பெரிய கையிடம் தோற்றால் ஜாக்பாட் தரும் அறைகளில், கை நடக்கும்போது அதைப் பற்றிப் பேசினாலே பரிசு ரத்து என்ற விதி பரவலாக உண்டு. பந்தயம் கட்டுவதை நிறுத்தி, ஜாக்பாட்டுக்காக இருவர் ஒத்துழைக்கக் கூடாது என்பதற்காக. இருமுறை ஓட்டினால் முதல் போர்டு மட்டுமே ஜாக்பாட்டுக்குச் செல்லும் என்று வைத்திருக்கும் அறைகளும் இருப்பதால், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால்?

டீலரோடு வாதாட வேண்டாம், அவர் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. "ஃப்ளோர்" என்று கூப்பிட்டால் மேலாளர் வருவார். அவர் வரும்வரை பாட்டில் இருப்பதை யாரும் தொடக் கூடாது, உங்கள் சீட்டின் மேல் கை இருக்கட்டும். என்ன நடந்தது என்பதை முதலில் டீலர் சொல்வார், பிறகு உங்கள் முறை. பந்தயத் தொகையில் சந்தேகம் என்றால் கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பெரிய பாட்டாக இருந்தால் பார்ப்பார்கள். 4 டாலர் ஸ்ட்ராடில் சீட்டுக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்பதற்கெல்லாம் அநேகமாக மேலாளர் அந்த இடத்திலேயே ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, கையைத் தொடரச் சொல்லுவார்.